பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, புதிய கணினியை ஒரு கையிலும் பழையதை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து இன்னொரு விண்டோஸ் கணினிக்கு மாறுவதைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

பழையதில் இருப்பதை எல்லாம் அப்படியே புதியதில் கொண்டுவந்துவிட முடியுமா?

கணினியில் இருப்பவை மூன்று வகை. நீங்கள் உண்டாக்கிய கோப்புகள், நிறுவிய மென்பொருள்கள், உங்கள் வசதிக்காக மாற்றிக்கொண்ட அமைப்புகள். கோப்புகள் முழுமையாக வரும். அமைப்புகளில் பாதி வரும். மென்பொருள்களைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

மென்பொருளின் கோப்புறையை நகல் எடுத்துப் போட்டால் ஏன் ஓடுவதில்லை என்று கேட்பார்கள். நிறுவும்போது அது ஒரே இடத்தில் உட்காருவதில்லை. விண்டோஸின் பதிவேட்டில் சில குறிப்புகள், கணினிக்கான பொதுக் கோப்புறைகளில் சில துணைக் கோப்புகள், பயனர் கணக்குக்குள் கொஞ்சம் என்று பல இடங்களில் வேர் விட்டிருக்கும். கோப்புறையை மட்டும் எடுப்பது செடியைத் தரையோடு வெட்டி எடுப்பது போல. ஆகவே பழைய கணினியைத் திறந்து, அதில் உள்ள மென்பொருள்களின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவும் கோப்பும் உரிமக் குறியீடும் எங்கே இருக்கின்றன என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பாதி வேலை அந்தத் தாளில்தான்.

என் கோப்புகள் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கின்றன. அதை மட்டும் எடுத்தால் போதும்தானே?

கடை திறந்த புதிதில் நானும் ஒருவருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் நாற்பது சின்னங்கள் இருந்தன, நாற்பதும் புதிய கணினிக்கு வந்துசேர்ந்தன. மறுநாள் அவர் திரும்பி வந்தார். எதுவும் திறக்கவில்லை. சின்னத்தின் இடது மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது கோப்பே இல்லை, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழி. நான் கொண்டுவந்ததில் முக்கால்வாசி குறுக்குவழிகள். பழைய கணினியை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து எண்ணிக்கையை மட்டும் நம்புவதில்லை, அளவையும் பார்க்கிறேன்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், காணொளிகள் எல்லாம் அதற்குள்தான். வீட்டில் இருவருக்குத் தனித்தனிக் கணக்கு இருந்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். நம் ஊரில் கணினி சேர்த்துக் கொடுப்பவர்கள் வட்டைச் சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். டி டிரைவில் என்ன இருக்கிறது என்பது பலருக்கு நினைவே இருக்காது. பத்து ஆண்டுக் குடும்பப் படங்கள் அங்கேதான் கிடக்கும்.

எதில் வைத்து மாற்றுவது? பென் டிரைவ் போதுமா?

கடிதங்களும் கணக்குகளும் மட்டும் என்றால் போதும். படங்களும் காணொளிகளும் இருந்தால் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்தான் சரி. செருகும் துளையைப் பாருங்கள். பொதுவாக உள்ளே நீல நிறம் தெரிந்தால் யூஎஸ்பி 3, கறுப்பு என்றால் யூஎஸ்பி 2. பழைய கணினியில் இரண்டும் இருந்தால் நீலத்தில் செருகுங்கள். யூஎஸ்பி 2இல் நொடிக்கு 30 மெகாபைட் போனாலே அதிகம். 200 ஜிபிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3இல் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் போனால் அரை மணிக்குச் சற்று மேல். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எதிலுமே இந்தக் கணக்கு பலிக்காது. இரவு போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

இணையச் சேமிப்பில் ஏற்றி இறக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலும் மின்னஞ்சல் பங்கு போட்டுக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தருவது 5 ஜிபி.

பென் டிரைவில் 50 ஜிபி காலியாக இருக்கிறது. கல்யாண வீடியோ 6 ஜிபிதான். 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கிறதே?

இடம் போதாததால் மறுக்கவில்லை. அந்தப் பென் டிரைவ் ஃபேட் 32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி வடிவமைத்தால் சரியாகிவிடும். ஆனால் வடிவமைத்தால் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது போய்விடும்.

நகல் எடுப்பதா, வெட்டி ஒட்டுவதா?

நகல். பாதியில் மின்சாரம் போனாலும் பழையது பழைய இடத்தில் இருக்கும்.

முன்பு விண்டோஸிலேயே இதற்கென்று ஒரு வசதி இருந்ததே, எங்கே போயிற்று?

விஸ்டா, 7, 8 ஆகியவற்றில் 'ஈசி டிரான்ஸ்ஃபர்' என்று ஒன்று இருந்தது. உண்மையிலேயே நல்ல கருவி. விண்டோஸ் 10இல் எடுத்துவிட்டார்கள். இப்போது 'விண்டோஸ் பேக்கப்' இருக்கிறது. பழைய கணினியிலும் புதியதிலும் ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சில அமைப்புகளும், வைஃபை கடவுச்சொற்களும், மென்பொருள் பட்டியலும் வந்துசேரும். கோப்புகளை ஒன்டிரைவ் வழியாகக் கொண்டுபோகும்போது, மேலே சொன்ன 5 ஜிபி கட்டுப்பாடு இதற்கும் உண்டு.

புதிய கணினியை முதன்முறை இயக்கி மொழி, நாடு என்று கேள்வி கேட்கும் கட்டத்தில்தான் 'பழையதிலிருந்து மீட்கலாமா' என்று கேட்கும். அவசரத்தில் தட்டிவிட்டுப் போனவர்களே அதிகம்.

டெஸ்க்டாப்பை முழுக்க நகல் எடுத்தேன். சில கோப்புகளில் மேகம் போல ஒரு குறி. இணையம் இல்லாவிட்டால் திறக்கவில்லை.

அம்புக்குறிக்கு அண்ணன் இது. ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பின் பெயர்தான் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. பழைய கணினியை இணையத்தோடு இணைத்து, ஒன்டிரைவ் கோப்புறையின் மேல் வலது சொடுக்குப் போட்டு, 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேகங்கள் எல்லாம் பச்சை வட்டங்களாக மாறிய பிறகு நகல் எடுங்கள்.

குரோமில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் வருமா?

கூகுள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்கியிருந்தால் தானாக வரும். இல்லாவிட்டால் குரோமின் கடவுச்சொல் பக்கத்தில் அவற்றை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கும்படி பச்சையாக இருக்கும். வேலை முடிந்த கையோடு இரண்டு கணினிகளிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.

குரோமின் கோப்புறையையே தூக்கிப் போட்டால் புத்தகக்குறிகள் வரும், கடவுச்சொற்கள் வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. ஃபயர்ஃபாக்ஸ் இதில் தாராளம். அதன் பயனர் கோப்புறையை முழுமையாகக் கொண்டுவந்தால் கடவுச்சொற்களும் கூடவே வந்துவிடும்.

பழைய வேர்டு கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எழுத்துரு வரவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்துவைத்தன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில் ஐந்து குறிகளாகவே தெரியும்.

உடனடித் தீர்வு எளிது. பழைய கணினியின் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது. அங்கே உள்ள தமிழ் எழுத்துருக் கோப்புகளை எடுத்துவந்து புதியதில் நிறுவுங்கள். ஜெராக்ஸ் கடை, அச்சகம், பத்திர எழுத்தர் அலுவலகம் ஆகியவற்றுக்கு இதுதான் முதல் வேலை. என்னிடம் வரும் பாதிக் கணினிகளில் இதை மறந்துதான் வட்டை அழித்துவிட்டு வருகிறார்கள்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தக் குறியாக்கத்திலிருந்து, அதாவது எழுத்துகளைப் பதியும் எந்த முறையிலிருந்து, மாற்றுகிறோம் என்று சரியாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பாமினி வேறு, டிஸ்கி வேறு, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் வேறு, வானவில் வேறு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய அலுவலகக் கோப்பு ஒன்றில் மூன்று எழுத்துருக்கள் கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் நடுவே இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். ஒரு பக்கத்தை மாற்றிப் படித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம்.

என்னுடையது யூனிகோடில் அடித்த கோப்புதான். தமிழும் தெரிகிறது. ஆனால் 48 பக்கமாக இருந்தது 53 ஆகிவிட்டது.

நீங்கள் அடித்தது லதா எழுத்துருவில் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் இயல்பாக வருவதில்லை. நிர்மலா மட்டும்தான் இருக்கும். லதா இல்லாதபோது வேர்டு நிர்மலாவைப் போடுகிறது. அகலமும் வரி உயரமும் மாறுவதால் பக்கங்களும் நகர்கின்றன. அமைப்புகளில் 'விருப்பத் தேர்வு வசதிகள்' பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று ஒன்று உண்டு. இணையத்தோடு இணைந்து அதைச் சேர்த்தால் லதா திரும்பிவிடும்.

தட்டச்சு செய்ய என்ன செய்வது? என் விரல் பழைய விசைப்பலகைக்குத்தான் பழகியிருக்கிறது.

தமிழ் 99 என்றால் கவலை இல்லை. 2019ஆம் ஆண்டு விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'அஞ்சல்' என்ற இன்னொரு விசைப்பலகை முறையோடு சேர்ந்து விண்டோஸிலேயே இருக்கிறது. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். பழைய தட்டச்சு முறையோ பாமினி முறையோ பழகியவர்கள் என்எச்எம் ரைட்டர் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். விரல் பழகிய முறையிலேயே யூனிகோடில் அடிக்கலாம்.

டேலியைப் புதியதில் போட்டுவிட்டேன். கணக்குகளைக் காணவில்லையே?

டேலி என்ற கணக்கு மென்பொருள் கணக்குகளைத் தன் தரவுக் கோப்புறையில் வைக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் 10000, 10001 என்பது போன்ற எண் பெயருள்ள கோப்புறை. அது எந்த டிரைவில் இருக்கிறது என்பதை, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேலி காட்டும். குறித்துக்கொண்டு, டேலியை மூடிவிட்டு, அந்த எண் கோப்புறைகளை முழுமையாக நகல் எடுங்கள். புதியதில் எங்கே வைத்தீர்களோ அந்த இடத்தை டேலிக்குச் சொல்லுங்கள்.

உரிமம் தனி விஷயம். பழைய கணினியில் இணையம் இருக்கும்போதே டேலிக்குள் சென்று உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட வேண்டும், அதன் பிறகு புதியதில் செயல்படுத்த வேண்டும். வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கையொப்பம் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அந்த டோக்கனுக்குரிய டிரைவர் மென்பொருளை மட்டும் நிறுவினால் போதும்.

பழையதில் எம்எஸ் ஆபீஸ் இருந்தது. புதியதில் பணம் கேட்கிறது.

பணம் கொடுத்து வாங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்திருந்தால் அதே கணக்கில் நுழையுங்கள். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் பெரும்பாலும் அந்த லேப்டாப்போடு முடிந்துவிடும். 'கணினி வாங்கும்போது கடைக்காரரே போட்டுக் கொடுத்தார்' என்றால், அது உங்களுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. கடிதமும் சிறு கணக்கும்தான் வேலை என்றால் லிபர் ஆபீஸ் இலவசம். சிக்கலான அட்டவணைகள் கொஞ்சம் கலையும்.

எங்கள் மண்டியில் 1990களில் எழுதிய டாஸ் பில் புரோகிராம் ஓடுகிறது. புதிய விண்டோஸ் 11இல் ஓடுமா?

நேரடியாக ஓடாது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய புரோகிராம்கள் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட்டலாம். நான் இரண்டு மண்டிகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். பில் திரையில் வந்துவிடும், அச்சடிப்பதில்தான் பாடுபட வேண்டும். பழைய அச்சுப்பொறியைச் செருகும் 25 முனைத் துளையே புதிய கணினியில் இருக்காது. கடை மூடும் நாளில் சோதித்துப் பாருங்கள், வெள்ளிக்கிழமை காலையில் வேண்டாம்.

மஞ்சள் ஒட்டுக் குறிப்புகளில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தேன். அவை எங்கே?

ஸ்டிக்கி நோட்ஸ் தன் குறிப்புகளை 'ஆப்டேட்டா' என்ற மறைந்த கோப்புறையில் வைக்கிறது. உங்கள் பெயர்க் கோப்புறைக்குள்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பழைய கணினி விண்டோஸ் 10 என்றால் ஸ்டிக்கி நோட்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே புதியதில் வந்துவிடும். விண்டோஸ் 7 என்றால் குறிப்புகளை ஒரு வேர்டு கோப்பில் ஒட்டிக்கொள்வதே சுருக்கமான வழி. அவுட்லுக் அஞ்சல்களும் இப்படி மறைந்திருக்கக்கூடும். பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடி எடுங்கள். ஓஎஸ்டி என்று முடிந்தால் அஞ்சல்களின் மூலம் சர்வரில் இருக்கிறது, கணக்கைச் சேர்த்தால் மீண்டும் இறங்கும்.

நகல் எடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுகிறது. அவ்வளவு நீளமாக நான் பெயர் வைக்கவில்லையே?

டிரைவிலிருந்து தொடங்கி எல்லாக் கோப்புறைப் பெயர்களையும் கோப்பின் பெயரையும் கூட்டி 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய எல்லை. தமிழில் பெயர் வைப்பவர்கள் இதில் சீக்கிரம் மாட்டுவார்கள். 'கொண்டாட்டம்' நமக்கு ஆறு எழுத்து. கணினி புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால் பதினொன்று. மேல் கோப்புறைகளின் பெயர்களை 'அ', 'ஆ' என்று தற்காலிகமாகச் சுருக்கிவிட்டு எடுங்கள். விண்டோஸ் 7இல் தமிழ்ப் பெயர்க் கோப்புகளை ஜிப்பாகச் சுருக்க முயன்றால் மறுக்கக்கூடும். சுருக்காமல் அப்படியே நகல் எடுங்கள்.

பழைய கணினி உயிர் பெறவே இல்லை. எல்லாம் போயிற்றா?

கணினி போனால் வட்டும் போயிற்று என்று பொருள் இல்லை. வட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பானில் போட்டுப் புதிய கணினியில் செருகினால் இன்னொரு டிரைவாகத் தெரியும். மேசைக் கணினியின் பெரிய வட்டுக்குத் தனி மின்சாரம் தரும் இணைப்பான் தேவை. கோப்புறையைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை' என்றால் பதற வேண்டாம். பழைய கணக்கின் உரிமை அது, 'தொடர்க' என்று அழுத்தினால் பெரும்பாலும் திறக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். வட்டிலிருந்து டக் டக் என்று ஓசை வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். நான்கு முறை முயன்றுவிட்டுக் கொடுத்தால் அவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. வட்டு 48 இலக்கச் சாவி கேட்டால் அது பிட்லாக்கர் பூட்டு. சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், அங்கேயும் இல்லையென்றால் வழி கிடையாது. புதிய லேப்டாப்புகள் பல, கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டைத் தாமாகப் போட்டுக்கொள்கின்றன. ஆகவே புதியதின் சாவியை இன்றே தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எல்லாம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, 'பண்புகள்'. கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் குறித்துக்கொண்டு புதியதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐந்தாறு கோப்புகளைத் திறந்தே பாருங்கள். ஒரு பழைய படம், ஒரு நீண்ட காணொளியின் கடைசி நிமிடம், ஒரு தமிழ்க் கடிதம், ஒரு கணக்கு. ஒப்பிடும்போது வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். புதிய கணினியில் ஏற்றாமல் அந்த வட்டிலிருந்தே மூன்று மாதம் வேலை செய்த ஒரு வாத்தியார் எனக்குத் தெரியும்.

சரி, பழையதை எப்போது அழிக்கலாம்? அக்காள் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

குறைந்தது ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். தினம் திறப்பவை முதல் நாளிலேயே நினைவுக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை திறக்கும் ஜிஎஸ்டி கோப்பு இருபதாம் தேதி நெருங்கும்போதுதான் நினைவுக்கு வரும். வருமான வரிக் கோப்பு ஜூலையில். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் வட்டைக் கழற்றி நீங்கள் வைத்துக்கொண்டு, வேறு வட்டு போட்டுக் கொடுங்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன்.

வட்டோடு கொடுப்பதென்றால் முதலில் டேலி உரிமத்தைச் சரண்டர் செய்தாயிற்றா, எழுத்துருக்களை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். பிறகு விண்டோஸின் மீட்டமைப்பில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு, 'எல்லா டிரைவ்களும்', 'டிரைவைத் துடை' ஆகியவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே நீக்கினால் மீட்கும் மென்பொருளைக் கொண்டு படங்களைத் திரும்ப எடுத்துவிடலாம். துடைக்கப் பல மணி நேரம் ஆகும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.